நாலு இஞ்ச் கட்டையும் பன்னிரண்டு வாரமும்

நாலு வருஷமாக ஜிம்முக்குப் போய்வருகிறேன். தொடை தேறியது, தோள் தேறியது; கெண்டைச் சதை மட்டும் முதல் நாள் இருந்தபடியே இருந்தது. பரம்பரை வாகு அப்படி என்று பலரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். ஒரு நாள் பெரியப்பா மொட்டை மாடிக்கு வந்தார். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நான் எக்கி எக்கி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னடா, மேலேயே நின்னு ஆடிக்கிட்டிருக்க? கீழ இறங்கு."

பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. இளவட்ட வயதில் தேகப்பயிற்சி சாலைக்குப் போனவர். அங்கே பஸ்கி, அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி, எடுக்கும்போது பின்பக்கம் குதிகாலைத் தொட்டால்தான் வாத்தியார் எண்ணிக்கையைக் கூட்டுவாராம். பாதியில் எழுந்தால் அந்த எண் அங்கேயே நிற்கும். "இருபது எடுத்தேன்னு நீ சொல்லலாம். அவரு கணக்குல பன்னெண்டுதான் இருக்கும்" என்றார்.

எனக்கு மதுரைச் செல்லூரில் மோட்டார் வைண்டிங் தொழில். மீட்டர் வைத்து ஆம்பியர் பார்க்காமல் ஒரு மோட்டாரையும் கடையை விட்டு அனுப்புவதில்லை. உடம்பு விஷயத்தில் மட்டும் எதையும் அளந்து பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ராத்திரி போனைத் தரையில் ஓரமாக நிறுத்தி, நான் செய்வதைப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். பெரியப்பா சொன்னது சரி. பாதம் கிடைமட்டமாக இருப்பதிலிருந்து மேலே ஏறுகிறேன், மறுபடி கிடைமட்டத்துக்கு வருகிறேன். குதிகால் படி விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. ஜிம்மில் செய்வதோ உட்கார்ந்து முழங்கால் மேல் எடையை வைத்துத் தூக்கும் மெஷின். அதிலும் அதே கதை.

உட்கார்ந்து செய்வதில் வேறு ஒரு கோளாறும் உண்டு என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. கெண்டைக்காலில் மேலே புடைத்துத் தெரியும் சதை முழங்காலுக்கு மேலே, தொடையெலும்பில் தொடங்குகிறது. முழங்காலை மடக்கினால் அது தளர்ந்துபோகும். வேலையில் பெரும்பகுதி அடியில் இருக்கும் தட்டையான சதைக்குப் போய்விடும். ஜப்பானில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டு வாரம் ஒரு காலை நின்றபடியும் மறு காலை உட்கார்ந்தபடியும் பழக்கினார்கள். நின்று செய்த காலில் மேல்சதையின் வெளிப்பக்கம் 12.4 சதவீதமும் உள்பக்கம் 9.2 சதவீதமும் வளர்ந்தன. உட்கார்ந்து செய்த காலில் 1.7, 0.6. அடிச்சதை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நான் நாலு வருஷம் ஜிம்மில் உட்கார்ந்து செய்திருக்கிறேன். பரம்பரையைக் குறை சொன்னது தப்பு.

சரி, குதிகால் தொங்க நின்று பழக ஒரு கட்டை செய்யலாம் என்று இறங்கினேன்.

முதலில் கடையில் கிடந்த இரண்டு இஞ்ச் பலகையைப் போட்டு ஏறி நின்றேன். குதிகால் இறங்கித் தரையில் முட்டியது. என் பாதத்தில் முன்பாத மேட்டிலிருந்து குதிகால் நுனிவரை பதினேழு சென்டிமீட்டர். படத்தில் அளந்து பார்த்தால், குதிகாலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தொங்கவிட்டபோது அது ஏழு சென்டிமீட்டர் இறங்கியது. மூணு இஞ்ச் என்றால் உரசிக்கொண்டு நிற்கும். நாலு இஞ்ச் வேண்டும்.

தெருக்கோடியில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது எடுத்துவைத்த வேப்பமர நிலைச்சட்டம் எங்கள் ஆசாரி அண்ணனிடம் இருந்தது. நாலுக்கு மூணு இஞ்ச். அதில் ஒன்றரை அடித் துண்டாக இரண்டு அறுத்து, நாலு இஞ்ச் உயரமாக நிற்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கே துளை போட்டு இரண்டு போல்ட்டால் முடுக்கினோம். ஆறு இஞ்ச் அகலம் கிடைத்தது. வேம்பு வைரம் பாய்ந்த மரம். துளை போடுவதற்குள் டிரில் பிட் சூடேறிப் புகைந்தது. இரண்டு முறை நிறுத்தி ஆறவிட்டோம்.

பின் விளிம்பை அப்படியே விட்டால் முன்பாத மேட்டில் கத்தி மாதிரி அழுத்தும். இழைப்புளியால் சீவி, அரத்தால் உருட்டி, கடைசியில் உப்புத்தாள் போட்டேன். அரை இஞ்ச் வளைவு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் உருட்டினால் கால் வழுக்கிப் பின்னால் போகிறது. இந்த வளைவு சரியாக அமைய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கட்டை செய்கிறவர்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். விளிம்பு குத்தினால், நமக்கே தெரியாமல் கால் வலிக்குப் பயந்து சீக்கிரம் மேலே ஏறிவிடும். கீழே கிடைக்க வேண்டிய இழுவை கிடைக்காது.

எங்கள் மொட்டை மாடி தட்டோடு பதித்தது. மழையில் அரித்து மேடும் பள்ளமுமாக இருக்கும். கட்டையை அதன் மேல் வைத்தால் ஆடியது. அதனால் இரண்டடிக்கு ஒன்றரை அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கட்டையைப் பதித்தேன். பலகையைக் குதிகால் பக்கம் நீட்டிவிட்டதில் பின்னால் சாயும் பயம் போனது. பழைய பைக் ட்யூபைப் பிளந்து, மேலே ஒரு பட்டை, பலகைக்கு அடியில் இரண்டு பட்டை ஒட்டினேன். மேல் பட்டைக்குப் பக்கவாட்டில் மட்டும் ஆணி அடித்தேன். மேலே அடித்தால் வியர்த்த காலில் ஆணித் தலை தட்டும்.

எடைக்குப் பள்ளிக்கூடப் பை. ஆற்று மணலைப் பாலித்தீன் பையில் கட்டிப் போட்டு, மளிகைக் கடைத் தராசில் பத்து கிலோவுக்கு நிறுத்திக்கொண்டேன்.

சோதனையை இப்படி வைத்தேன். இடது காலுக்கு முழு அசைவு: அடி ஆழத்திலிருந்து நுனிக்கால் வரை. வலது காலுக்குக் கீழ்ப்பாதி மட்டும்: அடி ஆழத்திலிருந்து பாதம் கிடைமட்டமாகும் வரை. கிடைமட்டத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் சிக்கலாக இருந்தது. தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிக்கு ஒரு நூல் கட்டினேன். வலது பாதம் கிடைமட்டத்துக்கு வரும்போது உச்சந்தலை நூலைத் தொடும். உடனே இறங்க வேண்டும். இடது காலின் முறை வந்தால் நூலை அவிழ்த்துவிடுவேன். வாரம் மூணு நாள், ஒவ்வொரு காலுக்கும் மூணு சுற்று, ஒவ்வொரு சுற்றும் இனி ஒன்றுகூட முடியாது என்கிற வரைக்கும்.

இதற்கு எனக்கு வழிகாட்டியது பிரேசிலில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு. இளம்பெண்களை மூணு குழுவாகப் பிரித்து எட்டு வாரம் கெண்டைக்கால் பயிற்சி கொடுத்தார்கள். முழு அசைவு செய்த குழுவில் உள்பக்க மேல்சதை 6.7 சதவீதம் தடித்தது. மேல்பாதி மட்டும் செய்த குழுவில் 3.4. கீழ்ப்பாதி மட்டும் செய்த குழுவில் 15.2. நான் நாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்தது அந்த மேல்பாதியைத்தான்.

ஏன் அப்படி? தசை இழைக்குள் இரண்டு வகைப் புரத நூல்கள் இரண்டு சீப்புகளை எதிரெதிராகச் செருகியதுபோல அடுக்கியிருக்கின்றன. தசை சுருங்கும்போது ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன, நீளும்போது விலகுகின்றன. இவற்றோடு டைட்டின் என்ற பெரிய புரதம் ஒன்று ஸ்பிரிங் மாதிரி நீளவாக்கில் ஓடுகிறது. நம் உடம்பில் இதைவிடப் பெரிய புரதம் இல்லை. தசை நீண்ட நிலையில் எடையைத் தாங்கும்போது சீப்புப் பற்களின் இழுவையோடு இந்த ஸ்பிரிங்கின் இழுவையும் சேர்கிறது. இழுவையைத்தான் தசைச் செல் வளர்வதற்கான சேதியாக எடுத்துக்கொள்கிறது. நுனிக்காலில் நிற்கும்போது கெண்டைச் சதை கடினமாகத் திரண்டு, நன்றாக வேலை வாங்கிவிட்டோம் என்ற உணர்வைத் தரும். என்னை இத்தனை நாள் ஏமாற்றியது அந்த உணர்வுதான்.

தைப்பூசம் முடிந்த திங்கட்கிழமை ஆரம்பித்தேன். முதல் வாரம் மாடிப்படி இறங்கவே முடியவில்லை, அவ்வளவு வலி. இரண்டாம் வாரம் வலது குதிகாலுக்கு மேல் நரம்பு பிடித்த மாதிரி ஒரு குத்தல், காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி நடக்கையில். காரணத்தைத் தேடிப் படத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். இறங்கும்போது எடையோடு தொப்பென்று விழுந்து, அடியில் துள்ளி ஏறியிருக்கிறேன். நாலு நாள் நிறுத்தினேன். அப்புறம் பையைக் கழற்றிவிட்டு, மூணு எண்ணி இறங்குவது, அடியில் இரண்டு எண்ணி நிற்பது, பிறகு ஏறுவது என்று மாற்றினேன். குத்தல் பத்து நாளில் போய்விட்டது, திரும்ப வரவில்லை. ஆழம் புதிதாக இருப்பவர்கள் முதல் மூணு வாரம் எடையே இல்லாமல் செய்யுங்கள். தசை சீக்கிரம் பழகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் நிதானமாகத்தான் பழகும்.

இதற்கிடையில் டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோனைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டுப் பையன், கல்லூரி முடித்தவன், ஜிம்மில் தீவிரம். "அண்ணே, காலுக்குன்னு ஒரு நாள் பயிற்சி போட்டா டெஸ்டோஸ்டீரான் ஏறும்ணே. ஆழமா ஸ்குவாட் போட்டா இன்னும் ஏறும். கையும் சேர்ந்து வளரும்" என்றான். ஸ்குவாட் என்றால் பெரியப்பா சொன்ன பஸ்கிதான். ஊரில் பாதி ஜிம்மில் மாஸ்டர்கள் இதைச் சொல்கிறார்கள். அதில் உண்மையும் கலந்திருப்பதால் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பெரிய தசைகளைக் கடுமையாகப் பழக்கினால் டெஸ்டோஸ்டீரானும் வளர்ச்சி ஹார்மோனும் இரத்தத்தில் ஏறுவது உண்மை. ஆனால் ஏறிய டெஸ்டோஸ்டீரான் ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கே வந்துவிடும். அந்தச் சிறு அலை தசையை வளர்க்கிறதா என்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அழகாகச் சோதித்துப் பார்த்தார்கள், 2010இல் வெளியானது. பன்னிரண்டு இளைஞர்கள், பதினைந்து வாரம். ஒரு கைக்கு ஒரு நாள் தனியாகப் பயிற்சி. மறு கைக்கு வேறொரு நாள் அதே பயிற்சி, முடித்த கையோடு ஹார்மோனை ஏற்றுவதற்காகக் கடுமையான கால் பயிற்சியும். இரண்டு கைகளும் ஒரே அளவுதான் வளர்ந்தன. 2011இல் நார்வேயில் கால் பயிற்சியை முதலில் வைத்துச் செய்த ஒரு சிறு சோதனையில் கைக்குக் கொஞ்சம் ஆதாயம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபின் என் முடிவு, அந்த அலையை நம்பிப் பயிற்சியைத் திட்டமிட வேண்டாம் என்பதே.

பையன் விடவில்லை. "அப்ப ஆழத்துக்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தமே இல்லையாண்ணே?" நல்ல கேள்வி. சம்பந்தம் இருக்கிறது, அவன் நினைத்த ஹார்மோனில் இல்லை. 2014இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், ஒரு குழு முழங்காலை 50 பாகை மடக்கும் வரை மட்டும் தொடைப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு 40இலிருந்து 90 பாகை வரை, அதாவது முன்தொடைத் தசை நீண்டிருக்கும் பகுதியில் செய்தது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், நீண்ட நிலையில் செய்தவர்களுக்குத் தசை வளர்ச்சியும் கூடுதல், இரத்தத்தில் ஐஜிஎஃப்-1 அளவும் கூடுதல். இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி என்று அதைச் சொல்லலாம். இரத்தத்தில் ஓடுவதில் பெரும்பங்கு கல்லீரலில் உற்பத்தியாவது. இழுவை விழும்போது தசையும் தனக்குத் தேவையானதைத் தானே சுரந்துகொள்கிறது. அவனுக்கு நான் இப்படிச் சொன்னேன்: "ஊர் முழுக்க ஒலிபெருக்கி வச்சுச் சொல்ற சேதி இல்லப்பா இது. எந்த வீட்டுல வேலை நடக்குதோ அந்த வீட்டுக்குள்ள பேசிக்கிறது." கெண்டைச் சதைக்கு வேண்டியது கெண்டைச் சதையில்தான் நடக்க வேண்டும்.

நானும் அவனும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். ஆரம்பத்தில் ஒரு முறை, பன்னிரண்டு வாரம் முடிந்து ஒரு முறை, இருவரும் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தோம். டெஸ்டோஸ்டீரான் காலையில் கூடி மாலையில் குறைவது. நேரத்தை மாற்றினால் ஒப்பிட முடியாது. எனக்கு முதலில் டெசிலிட்டருக்கு 512 நானோகிராம், கடைசியில் 498. மாற்றம் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அவனுக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்போது அவனுக்கு ராத்திரி வேலை, பகலில் நாலைந்து மணி நேரம்தான் தூக்கம். 2011இல் சிகாகோவில் இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்ததில் பகல் நேர டெஸ்டோஸ்டீரான் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. தூங்கா நகரத்தில் இருக்கும் இளைஞர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்: ஹார்மோனைப் பற்றிக் கவலைப்பட்டால் முதலில் படுக்கையைப் பாருங்கள்.

சரி, கால் என்ன ஆனது? தையற்கார நாடாவால், காலையில் எழுந்ததும், முழங்கால் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து பதினான்கு சென்டிமீட்டர் கீழே பேனாவால் குறித்த இடத்தில் அளந்தேன். ஆரம்பத்தில் இடது 34.8 சென்டிமீட்டர், வலது 35.2. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு நாலு நாள் முன்பு கடைசி அளவு. இடது 35.6, வலது 36.4. இடது எட்டு மில்லிமீட்டர், வலது பன்னிரண்டு.

கீழ்ப்பாதி மட்டும் செய்த வலது கால்தான் முந்தியது. ஆனால் ஒரே காலையில் ஒரே இடத்தை ஐந்து முறை அளந்து பார்த்ததில் மூணு மில்லிமீட்டர் வரை முன்னே பின்னே வந்தது. நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தை வைத்துக் கீழ்ப்பாதி ஜெயித்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு காலும் வளர்ந்தன என்பதை அடித்துச் சொல்வேன். நாலு வருஷம் அசையாதது பன்னிரண்டு வாரத்தில் அசைந்தது. இரண்டு காலுக்கும் பொதுவாக நான் புதிதாகச் சேர்த்தவை முறை வைத்து நின்று செய்வதும் அந்த ஏழு சென்டிமீட்டர் ஆழமும்தான்.

கட்டை தந்த தைரியத்தில் பஸ்கியையும் சரிசெய்தேன். என்னால் குதிகாலைத் தரையில் வைத்து முழுக்க உட்கார முடியாது, பின்னால் சாய்ந்துவிடுவேன். கணுக்கால் விறைப்பு. மிச்சமிருந்த வேப்பச் சட்டத்தில் ஒரு இஞ்ச் உயரத்திலிருந்து சரிந்து வரும் ஆப்பு ஒன்று சீவிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முதல் நாளே முழு ஆழம் கிடைத்தது. இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2019இல் ஜப்பானில் பத்து வாரம் முழு ஸ்குவாட்டையும் அரை ஸ்குவாட்டையும் ஒப்பிட்டார்கள். முன்தொடை இரண்டு குழுவுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வளர்ந்தது, 4.9க்கு 4.6 சதவீதம். பிட்டத் தசையில்தான் வித்தியாசம்: முழு ஆழத்துக்கு 6.7, பாதிக்கு 2.2. உள்தொடையிலும் அப்படியே. ஆகவே மூட்டுவலிக்காக அரைப் பஸ்கியோடு நிறுத்துகிறவர்கள் முன்தொடையை இழந்துவிட மாட்டார்கள். அவர்களை மட்டம் தட்டத் தேவையில்லை.

தண்டாலுக்கு இரண்டு செங்கல், நடுவில் நெஞ்சு இறங்க இடம். இதில் எழுத வேறு ஒன்றுமில்லை.

கைக்குப் பெரியப்பாவின் கரலாக்கட்டை, கைப்பிடி வைத்த கனமான மரக்கட்டை. அதை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டுச் சுழற்றும்போது மேல்கை காதோரம் நிமிர்ந்து, முழங்கை மடங்கி, பின்கைச் சதையில் தோள்வரை போகும் நீண்ட பகுதி முழுக்க இழுபடுகிறது. தலைக்கு மேல் கையை உயர்த்திப் பின்கையைப் பழக்குவது, கையைத் தொங்கவிட்டுப் பழக்குவதைவிடக் கூடுதல் வளர்ச்சி தருகிறது என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. பன்னிரண்டு வாரத்தில் 19.9க்கு 13.9 சதவீதம். அவர்கள் செய்தது கேபிள் மெஷினில், கரலாக்கட்டையில் அல்ல. கை நிற்கும் நிலை மட்டும் ஒன்றுதான். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், கட்டையை அங்கிட்டுத் தள்ளி வச்சுச் சுத்து, சுவத்துல இடிக்கப் போற" என்றார்.

இப்போது கால்களை மாற்றிப் போட்டிருக்கிறேன். இடது கால் கீழ்ப்பாதி, வலது கால் முழு அசைவு, அதே நூல், அதே பை, இன்னொரு பன்னிரண்டு வாரம். இந்த முறை இடது கால் முந்தினால் அந்த நாலு மில்லிமீட்டருக்கு ஒரு மதிப்பு வரும். கட்டையின் மேல் ட்யூப் பட்டை வலது கால் நிற்கும் இடத்தில் தேய்ந்து மரம் தெரிகிறது. வருகிற ஞாயிறு அதை மாற்ற வேண்டும். இரண்டு அடுக்காக ஒட்டலாம் என்று இருக்கிறேன்.